லிச்பீல்ட் நகரும் அதன் நன்மக்களும்

விழா மலருக்கு யாதானும் ஒரு பொருள்பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். தமிழ் கற்பிக்கும் யாம் ஆங்கில நாட்டு நகரொன்றை எடுத்துக்கொண்டமை சிலர்க்கு வியப்பாதல் கூடும். அதற்குக் காரணம் உண்டு. அகராதியைப் புரட்டாத நாள் எமக்கு இல்லை. சொற்பொருளைத் தேடிப் புரட்டுவோர், அவற்றைத் தேடித் தொகுத்தவரை ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தல் முறையன்றோ? அவ்வாறு எண்ணத் தொடங்கியே, ஆங்கில மொழிக்குப் பேரகராதி செய்த சாமுவேல் ஜோன்சனின் வரலாற்றைப் படித்தோம். படித்துக்கொண்டே அவர் பிறந்த ஊரின் வரலாற்றினுள்ளும் புகுந்துவிட்டோம். அவ்வூரை யாம் கண்ணாற் கண்டிலேம், நூல்வழியே கண்டோம். கண்டவற்றுள், பழைய மாணவர் கூடும் இவ்விழாவிற்கு ஏற்பன சிலவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

ஊரும் பேராலயமும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டபோர்ட்சயர் என்னும் நாட்டுப்பிரிவில், பேர்மிங்காம் மாநகருக்கு வடக்கே ஏறக்குறைய 16 மைல் தொலைவில் உள்ளது லிச்பீல்ட். பெயரளவில் நகரமாயினும் அளவிற் சிறியது. யாம் கூறப்போகும் பெரியோர் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டிலே அங்கிருந்தோர் சில ஆயிரவரே.

இவ்வூரின் பெருமைக்கு அடியிட்டவர் சாட் அடிகள். கி.பி. 669இல் அவர் இவ்வூரைத் தமது ஆயர்பீடமாகக் கொண்டார். குதிரையேறாது காலால் நடந்தே ஊர்தோறும் சென்று தொண்டு செய்தவர் அவர். 672இல் அவர் மறைந்தபின் அவருடைய சமாதியை நாடி யாத்திரிகர் வரலாயினர். யாத்திரிகர் வர வர ஊர் வளர்ந்தது; தலமொன்றைச் சுற்றி ஊர் வளர்ந்த வரலாறு நம்மவர்க்குப் புதிதன்று. இன்று அங்கே நிற்கும் பேராலயம் இடைக்காலத்தில் எழுந்தது. இங்கிலாந்தின் இடைக்காலப் பேராலயங்களுள் மூன்று கூர்ங்கோபுரங்களை உடையது இஃது ஒன்றே.

அக்கோபுரங்கள் துன்பமும் கண்டன. அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே போர் மூண்ட காலத்தில், 1643க்கும் 1646க்கும் இடையில், பேராலயம் மூன்று முறை முற்றுகையிடப்பட்டது. 1643 மார்ச் 2ஆந் திகதி, சாட் அடிகளின் திருநாளன்று, பாராளுமன்றப் படைத்தலைவரான புறூக் பிரபுவை டயொற் என்பார் கோபுரத்தின்மேல் நின்று சுட்டு வீழ்த்தினார். அந்த டயொற், பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். இறுதி முற்றுகையின்போது நடுக்கோபுரம் இடிந்து வீழ்ந்தது. போர் ஓய்ந்தபின் ஆயராக வந்த ஹக்கெற் என்பவர், தமது வண்டிக் குதிரைகளையே இடிபாடு அகற்றும் பணியிற் பூட்டினார் என்பர். 1669இல் திருப்பணி நிறைவெய்தியது.

பேராலயத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் சந்தைச் சதுக்கம் இருக்கின்றது. 1612 ஏப்பிரில் மாதத்தில் எட்வேட் வைற்மன் என்பவர் சமயக்கொள்கை வேறுபட்ட குற்றத்துக்காக இச்சதுக்கத்திலே உயிரோடு எரிக்கப்பட்டார். இங்கிலாந்தில் அவ்வகைத் தண்டம் பெற்றவருள் இறுதியானவர் அவரே. அதே சதுக்கத்தின் ஒரு மூலையில், ஏறக்குறைய நூறாண்டின் பின், ஒரு புத்தகக் கடை எழுந்தது. யாம் கூறவந்த கதை அங்கே தொடங்குகின்றது. அதற்கு முன் ஊரின் பாடசாலையைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும்.

பாடசாலை

1495இல் வில்லியம் சிமித் என்னும் ஆயர் இவ்வூரில் இருந்த பழைய அறநிலையமொன்றைத் திருத்தி அமைத்து, அதனோடு சிறுவர்க்கு ஒரு பாடசாலையையும் சேர்த்தார். பின்னாளில் ஒக்ஸ்போர்டில் பிரேஸ்நோஸ் கல்லூரியைத் தாபித்த இருவருள் ஒருவரும் இவரே. ஊர்ச் சிறுவர் இலத்தீன் கற்ற இப்பாடசாலை பெரியதொன்றன்று. ஆயினும் அதன் பழைய மாணவர் சிலரின் பெயரை நோக்குக.

குதிரைச் சேணம் செய்பவர் ஒருவரின் மகனாக 1617இல் பிறந்த எலையாஸ் ஆஷ்மோல் இங்கே படித்தார். பேராலயப் பாடகர் குழாத்திலும் இருந்தார். அவர் கொடுத்த அரும்பொருட் சேகரத்தைக் கொண்டே 1683இல் ஒக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே லிச்பீல்ட் பேராலயத்தின் முதல்வராக வந்த ஒருவரின் மகன் ஜோசெப் அடிசன், இப்பாடசாலையிற் சேர்ந்தார். பிற்காலத்தில் ஆங்கில உரைநடைக்கு ஒளியூட்டிய அடிசன், சிறுவனாய் இருந்தபோது மாணாக்கரைத் திரட்டி, விடுமுறைக்கு முன்னர் ஆசிரியரை வெளியே விட்டுக் கதவடைத்த குறும்புக்குத் தலைமை தாங்கினாராம். இச்செய்தியைத் தாம் கேட்டவாறே எழுதிவைத்தவர் ஜோன்சன். இதனை வாசிக்கும் நம் பழைய மாணவர் சிலர் தம்முள் நகுதலும் கூடும்.

ஜோன்சன் படித்த காலத்தில் தலைமையாசிரியராய் இருந்தவர் ஜோன் ஹன்ரர். கல்வியிற் சிறந்தவர், பிரம்பிலும் சிறந்தவர். தெரியாமையையும் கவனமின்மையையும் வேறுபடுத்தாது அடித்தார் என்று ஜோன்சன் பின்னாளிற் குறைகூறினார். தமது இலத்தீன் அறிவு எவ்வாறு வந்தது எனக் கேட்டார்க்கு, என் ஆசிரியர் நன்றாக அடித்தார் என்று விடையிறுத்தவரும் அவரே. இவ்விரு கூற்றையும் சேர்த்து எண்ணுதல் ஆசிரியராகிய எமக்கு நன்று. முன்னதை மறந்து பின்னதை மாத்திரம் நினைப்பார் எம்முள்ளே பலர்.

புத்தகக் கடை

1709 செப்ரெம்பர் 18ஆந் திகதி, சந்தைச் சதுக்கத்தை நோக்கிய வீட்டில் சாமுவேல் ஜோன்சன் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜோன்சன் புத்தக வாணிகர். அவ்வாண்டு நகரின் ஷெரிப் பதவியும் வகித்தவர். குழந்தைக்குக் கண்டமாலை நோய் கண்டு, கழுத்திற் தழும்பும் கண்ணிற் பார்வைக் குறையும் உண்டாயின. அரசர் தொட்டால் அந்நோய் நீங்கும் என்பது அக்கால நம்பிக்கை. ஆதலின், தாயார் 1712இல் பிள்ளையை லண்டனுக்குக் கொண்டுசென்று ஆன் அரசியாரின் கையால் தொடுவித்தார். நோய் நீங்கிற்றில்லை.

பிள்ளைக்கு வாய்த்த மருந்து கீழ்மாடியிலே இருந்தது. அது தந்தையாரின் கடை. ஒருநாள், தம்பி ஒளித்துவைத்த அப்பிள் பழங்களைத் தேடிப் புத்தகத்தட்டின் மேலே ஏறிய சிறுவன், ஆங்கே பெட்ராக் என்னும் இத்தாலியப் புலவரின் நூலைக் கண்டான். பழத்தை மறந்து நூலிலே ஆழ்ந்தான். இவ்வாறு கண்டதைப் படித்தே பெரும் பண்டிதனானான். ஆனால் நூலறிவு மகனுக்குப் பெருகப் பெருக, தந்தையாரின் வாணிகம் தேய்ந்துகொண்டே வந்தது. அயலூர்ச் சந்தைகளிலும் அவர் கடை விரித்தார். அவற்றுள் யூற்றொக்சீற்றர் என்பது ஒன்று. இப்பெயரை அன்பர்கள் நினைவிற் கொள்க.

பெரியவரின் மேசை

பேராலய வளவினுள்ளே ஆயர் மாளிகையில் கில்பேட் வோம்ஸ்லி என்னும் பெரியவர் வாழ்ந்தார். அவர் திருச்சபை நீதிமன்றின் பதிவாளர். பிள்ளைப்பேறில்லாத அவர், ஊரில் அறிவுடைய இளைஞர் எவரேனும் உளராயின் தமது மேசைக்கு அழைத்து உணவிட்டு, நூல்பற்றியும் உலகுபற்றியும் உரையாடுவார். ஜோன்சனும், அவரினும் ஏழாண்டு இளையரான டேவிட் கரிக்கும் அம்மேசையில் அமர்ந்தவர்கள். அரசியலில் வோம்ஸ்லி ஒரு கட்சி, ஜோன்சன் அதற்கு நேர்மாறான கட்சி. அவ்வேறுபாட்டால் அன்பு குன்றவில்லை. வோம்ஸ்லி இறந்து பல்லாண்டு கழிந்தபின், ஜோன்சன் புலவர் வரலாறு எழுதும்போது, பொருளோடு ஒட்டாத இடத்திலேயும் நிறுத்தி அப்பெரியவருக்கு நன்றி கூறினார். ஊரிலே படித்த ஒருவர் தம் வீட்டுக் கதவைச் சிறுவருக்குத் திறந்து வைத்தலால் விளையும் பயன் எவ்வளவிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பட்டமில்லா ஆசிரியர்

1728இல் ஜோன்சன் ஒக்ஸ்போர்டிலே பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். அவருடைய சப்பாத்துக் கிழிந்து விரல் வெளித்தெரிவதைக் கண்ட ஒருவர் புதிய சப்பாத்துச் சோடியொன்றை அறை வாயிலில் வைத்துச் சென்றார். ஜோன்சன் அதனை வெகுண்டு எறிந்துவிட்டார். கையிற் பணமின்மையால் பதின்மூன்று மாதத்தில், பட்டம் பெறாமலே, ஊர் திரும்பினார். 1731இல் தந்தையார் இறந்தார். மகனுக்கு வந்த பங்கு ஏறக்குறைய இருபது பவுண்.

பிழைப்புக்கு ஆசிரியத்தொழிலை நாடினார். ஓரிடத்தில் உதவியாசிரியராய் இருந்து சலித்து விலகினார். வேறோரிடத்தில், முகம் கோணும் பழக்கம் மாணாக்கருக்கு ஆகாது என்று மறுத்துவிட்டனர். பின்னர்த் தம்மினும் இருபது ஆண்டு மூத்த கைம்பெண்ணாகிய எலிசபெத் போற்றரை 1735இல் மணந்து, அவருடைய பொருளைக்கொண்டு, லிச்பீல்டுக்கு அண்மையில் ஈடியல் என்னும் சிற்றூரில் தாமே ஒரு பாடசாலை தொடங்கினார். மாணாக்கராக வந்தோர் மிகச் சிலர். அவருள்ளே டேவிட் கரிக்கும் அவருடைய தம்பியும் அடங்குவர். பாடசாலை ஈராண்டும் நிலைக்கவில்லை. 1737 மார்ச் 2ஆந் திகதி, ஆசிரியராகிய ஜோன்சனும் மாணாக்கராகிய கரிக்கும் ஒருங்கே லண்டனுக்குப் புறப்பட்டனர்.

ஈராண்டின் பின் அப்பிள்பி என்னும் ஊர்ப் பாடசாலைக்குத் தலைமையாசிரியர் தேவைப்பட்டார். சம்பளம் ஆண்டுக்கு 60 பவுண். முதுகலைப்பட்டம் வேண்டும் என்பது நிபந்தனை. புகழ்பெற்ற கவிஞரான போப், ஜோன்சனைக் கண்டறியாதவராயினும் அவர் பாட்டின் சிறப்பை அறிந்து, அவருக்காகப் பரிந்துபேசினார். டப்ளினிலிருந்து பட்டமொன்று பெற்றுக்கொடுக்கவும் முயன்றனர், முயற்சி பலித்திலது. பின்னர் உலகம் போற்றப்போகும் ஒருவர், பட்டமொன்று இன்மையால் ஊர்ப் பாடசாலைப் பதவியையும் இழந்தார். பட்டதாரியல்லாத பயிற்றப்பட்ட ஆசிரியராகிய யாம், இவ்விடத்தைப் படிக்குந்தோறும் சற்று நின்றே அப்பாற் செல்வோம்.

அகராதி

அப்பதவி கிடைத்திருப்பின் அகராதி கிடைத்திராது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். 1746இல் லண்டன் புத்தக வாணிகர் சிலர் 1,500 கினி தருவதாக உடன்படிக்கை செய்தனர். மூன்றாண்டில் முடிப்பேன் என்றார் ஜோன்சன், ஒன்பதாண்டு சென்றது. ஆறு உதவியாளர் படியெடுக்க, வீட்டு மேன்மாடியில் இருந்து வேலை செய்தார். அதனிடையே 1752இல் மனைவியாரையும் இழந்தார். 1755 ஏப்பிரில் 15ஆந் திகதி இரண்டு பெருந்தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. 42,000க்கு மேற்பட்ட சொற்கள். அவற்றின் ஆட்சியைக் காட்ட, சான்றோர் நூல்களிலிருந்து 1,10,000க்கு மேற்பட்ட மேற்கோள்கள். அதற்கு முன்னும் ஆங்கிலத்தில் அகராதிகள் இருந்தன. ஆயினும் சொல் வழங்கிய இடத்தை இவ்வளவு பரக்கக் காட்டி, அதன் பல்வேறு பொருளையும் எண்ணிட்டுப் பிரித்துரைத்தது அங்கே இதுவே முதல். நூல் வெளிவருமுன், அதன் முகப்பில் அச்சிடத்தக்கதாக, ஒக்ஸ்போர்ட் முதுகலைப்பட்டம் வழங்கிற்று. இருபத்தைந்தாண்டுக்கு முன் வறுமையாற் கைவிட்டது அன்று கைவந்தது.

அவ்வகராதியில் லிச்பீல்ட் என்னும் பெயரும் இடம்பெற்றுள்ளது. சொல்லின் பொருளை உரைத்தபின், தம் ஊரைத் தாய் என விளித்து இலத்தீனில் ஒரு வணக்கமும் அங்கே பொறித்துவைத்தார். ஊர்ப்பெயர் விளக்கத்தினிடையே மகனொருவனின் வணக்கம் ஒதுங்கி நிற்கின்றது.

மாணாக்கர் கரிக்கோ லண்டனில் நாடகக் கலையின் முடிசூடா மன்னரானார். 1747 முதல் 1776 வரை துறூரி லேன் அரங்கை நடத்தினார். ஈடியலில் தமக்குப் பாடஞ் சொன்னவர் அங்கே எழுதத் தொடங்கிய துன்பியல் நாடகத்தை 1749இல் அவ்வரங்கிலே ஒன்பது இரவு நடிப்பித்தார். நாடகம் சிறந்ததன்று, ஆயினும் அதனால் ஆசிரியருக்கு வருவாய் உண்டாயிற்று. 1779இல் கரிக்கும், 1784இல் ஜோன்சனும் மறைந்தனர். இருவரும் வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் அருகருகே அடக்கஞ் செய்யப்பட்டனர்.

ஊரில் இருந்தோர்

புகழுடையோர் எல்லாம் ஊரைவிட்டுச் சென்றனர் என எண்ணற்க. 1756இல் எராஸ்மஸ் டார்வின் என்னும் மருத்துவர் லிச்பீல்டிற் குடியேறி, கால் நூற்றாண்டு வாழ்ந்தார். வறியோர்க்குக் கூலி பெறாது மருந்து செய்தார். நீராவி எந்திரத்தைத் திருத்திய ஜேம்ஸ் வாற் முதலியோருடன் கூடிச் சந்திரக் கழகம் என்னும் அறிஞர் குழுவில் ஆய்வு நடத்தினார். உயிரினம் யாவும் ஒரு மூலத்திலிருந்து படிப்படியே தோன்றின என்னும் கருத்து அவர் உள்ளத்தில் எழுந்தது. யாவும் சிப்பியிலிருந்தே என்னும் பொருள்பட இலத்தீன் வாசகமொன்றைத் தமது வண்டியிற் தீட்டினார். பேராலயக் குருவாகிய சீவர்ட் அதனைப் பாட்டால் எள்ளவே, வண்டியிலிருந்து அதனை அழித்துவிட்டார். உயிர்களின் தோற்றம்பற்றி 1859இல் நூல் வெளியிட்ட சாள்ஸ் டார்வின் இவருடைய பேரர். வண்டியில் அழிந்தது நூலில் எழுந்தது என்க.

எள்ளிய குருவின் மகள் அன்னா சீவர்ட், வோம்ஸ்லி வாழ்ந்த அதே ஆயர் மாளிகையில் வளர்ந்து, கவிபாடி, லிச்பீல்டின் அன்னம் எனப் பெயர்பெற்று, 1809இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய தாயார் தலைமையாசிரியர் ஹன்ரரின் மகள். அன்னாவின் முகத்தில் அவர் பாட்டனாரின் சாயலைக் கண்டு, முதிய வயதிலும் ஜோன்சன் நடுங்குவதுண்டாம்!

மழையில் நின்றவர்

இனி, நினைவிற் கொள்க என்று கூறிய யூற்றொக்சீற்றருக்கு வருவோம். தந்தையார் தளர்ந்திருந்த காலத்தில் ஒருநாள், அச்சந்தைக்குச் சென்று கடையைப் பார்த்துக்கொள்ளுமாறு மகனைக் கேட்டார். ஒக்ஸ்போர்ட் சென்று மீண்ட மகன் மறுத்தார். சந்தையில் நின்று புத்தகம் விற்பது இழிவெனத் தோன்றிற்று. தந்தையார் பின் நெடுங்காலம் வாழவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழிந்தது. நாடறிந்த கிழவரான ஜோன்சன், லிச்பீல்டுக்கு வந்திருந்த ஒருநாள் யூற்றொக்சீற்றருக்குச் சென்றார். சந்தை கூடிய வேளையில், தந்தையாரின் கடை இருந்த இடத்தில், தலையணியைக் கழற்றிவிட்டு, கொட்டும் மழையில் நெடுநேரம் நின்றார். அச்செயலைத் தமது இறுதி ஆண்டில் லிச்பீல்டிலே ஓர் இளங்குருவுக்கு அவரே கூறினார். இறப்பதற்குச் சில நாள் முன், ஊரிலுள்ள சென் மைக்கேல் தேவாலயத்தில் தாய், தந்தை, தம்பி மூவர்க்கும் கல் நாட்டுமாறு வாசகம் எழுதி அனுப்பினார்.

ஆசிரியராக அவர் தோற்றார் என்றோம். அதற்கும் ஒரு முடிவுரை உண்டு. ஜமைக்காத் தீவிலே அடிமையாய்ப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் என்னும் சிறுவன் 1752இல் அவரிடம் பணியாளாய் வந்தான். ஜோன்சன் அவனைத் தம் செலவில் இலக்கணப் பாடசாலைக்கு அனுப்பிக் கற்பித்தார். இறக்கும்போது ஆண்டுக்கு 70 பவுண் கிடைக்க வழிசெய்து, தம் உடைமையின் உரித்தாளியும் ஆக்கினார். பார்பர் குடும்பத்துடன் லிச்பீல்டுக்கு வந்து வாழ்ந்தார். பின்னர் அயலில் உள்ள பேண்ற்வூட் என்னுமிடத்தில் சிறு பாடசாலையொன்று நடத்தினார். ஜோன்சனின் பாடசாலை மூடிய இடத்திலிருந்து சிறிது தொலைவிலே, அவர் கற்பித்தவர் பாடசாலை திறந்தார்.

ஊரும் தன் கடனைச் செலுத்திற்று. 1767இல் நகரசபை, அவர் பிறந்த வீட்டின் குத்தகையைப் பழைய சிறு வாடகைக்கே 99 ஆண்டுக்குப் புதுப்பித்துக் கொடுத்தது. 1838இல் சதுக்கத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. அதன் பீடத்தில், மழையில் நிற்கும் ஜோன்சனும் செதுக்கப்பட்டுள்ளார். அகராதி செய்தமையோடு அமையாது, அவர் நாணிய நாளையும் ஊரார் கல்லிற் பொறித்தனர். பிறந்த வீடு 1901 முதல் நினைவுச்சாலையாய் இருக்கின்றது. ஆண்டுதோறும் செப்ரெம்பரில் சிலைக்கு மாலை சூட்டப்படுகின்றது.

ஊரின் ஸ்ரோ குளத்தருகே ஜோன்சன் விரும்பிப் பார்த்த வில்லோ மரமொன்று இருந்தது. 1829இல் அது புயலில் வீழ்ந்தது. அதன் கிளையிலிருந்து மற்றொன்று நட்டனர்; அது பட்டபோது அதன் வழி வேறொன்று; இவ்வாறே இன்றளவும் ஜோன்சன் மரம் அங்கே நிற்கின்றது. பாடசாலையின் வாழ்வும் அன்னதே. விழாவுக்கு வரும் பழைய மாணவருள் உயர்பதவி வகிப்போர் உளர். கடல்கடந்து வாழ்வோர் உளர். அன்னோர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. தந்தையார் கடை இன்னும் இருக்கின்றதாயின், பாடஞ் சொன்னவர் இன்னும் உளராயின், ஐம்பது ஆண்டு காத்திராது இன்றே சென்று காண்க. ஜோன்சனுக்கு மழை மாத்திரமே எஞ்சியது.